சிறுவழிக்கு ஒரு எம்.சி.

என் கணவர் அந்த மாடிப்படியில் இடது காலை இழுத்து இழுத்து ஏறினார். வலது காலை இழுக்க வேண்டும் என்று வீட்டில் மூன்று முறை சொல்லி அழைத்து வந்திருந்தேன்.

பின்னால் வந்த நான் அவர் முதுகில் ஒரு விரலால் குத்தினேன். நின்றார். யோசித்தார். நடுப்படியில் காலை மாற்றிக்கொண்டு, அதுவரை பட்ட வேதனை முழுவதையும் வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கீழே நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. மேலே, சைவ உணவகத்தின் மாடி அறையில், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக எட்டுப் பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சாம்பார் வாசனையும் விபூதி வாசனையும் கலந்து அடித்தன. என் மகன் அகிலன் முன்பே வந்து, எல்லோருக்கும் குவளையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

கணவரைப் பார்த்ததும் எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். "சாமி, பாத்து, பாத்து" என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். காலை நீட்டி வைத்துக்கொள்ள இன்னொருவர் இரண்டாவது நாற்காலியைக் கொண்டுவந்தார்.

அந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கொஞ்சம்தான்.

இரண்டு வழிகள்

விஷயம் இதுதான். சபரிமலைக்கு நடந்து போக இரண்டு வழிகள் பிரபலம். எருமேலியில் தொடங்கி, அழுதை ஆற்றைக் கடந்து, கரிமலை ஏறி இறங்கி, காட்டுக்குள்ளேயே இரண்டு நாள் நடப்பது பெருவழி. பம்பை வரை வண்டியில் போய், அங்கிருந்து சில மணி நேரம் மட்டும் மலையேறுவது சிறுவழி. போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். படியும் அதே பதினெட்டுதான்.

அப்புறம் எதற்கு இரண்டு நாள் என்பது என் கேள்வி. சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவளுக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்? எம்ஆர்டி ரயிலில் எந்தக் கதவருகே நின்றால் இறங்கியதும் எதிரே மின்படிக்கட்டு வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஏறுகிற ஊர் இது.

அந்த எட்டுப் பேரும் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள். என் கணவர் அதே பட்டறையில் யாருக்கு எந்த வேலை, எந்த நாள் என்று திட்டம் போடும் அதிகாரி. அவர்களுடைய குருசாமி முருகேசன், வெல்டிங் ஃபோர்மேன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். பல முறை மலைக்குப் போய்வந்தவர் என்பதால் குழுவை அழைத்துப்போகும் பொறுப்பு அவருடையது.

விரத நாட்களில் முருகேசன் செருப்புப் போடமாட்டார். பட்டறையிலோ இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் வருவார். வாசலில் நின்று மாட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் அதே இடத்தில் கழற்றுவார். நாற்பத்தொரு நாளும் இப்படித்தான் என்று கணவர் வியப்போடு சொல்வார். நான் அதைக் கேட்டுக்கொண்டே, காட்டில் வெறுங்காலில் நடந்தால் டெட்டனஸ் வருமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எட்டுப் பேரும் மூன்று ஆண்டுகளாகப் பெருவழிக்குக் காத்திருந்தவர்கள். எல்லோருக்கும் ஒன்றாக விடுப்பு அமைவது அவ்வளவு அபூர்வம். சென்ற ஆண்டு அமைந்தது. அகிலனும் கன்னிசாமியாக, அதாவது முதல் முறை போகிறவனாக, அவர்களோடு மாலை போட்டுக்கொண்டான். துணைக்கு அவன் அப்பாவும்.

எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, போகத் தடையில்லை. "நீ வேணாம் மா. நீ வந்தா மலையே டென்ஷன் ஆயிடும் லா" என்றான் அகிலன்.

மிச்சம் இரண்டு கிலோமீட்டர்

அகிலன் ராணுவ சேவையில் இருந்தபோது மயங்கி விழுந்ததை இந்தத் தொடரில் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இருபத்து நான்கு கிலோமீட்டர் நடை. முந்தைய நாள் அவனுக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு நடந்தான். இருபத்திரண்டாவது கிலோமீட்டரில் சரிந்தான். கூட இருந்தவர்கள் நொடியும் வீணாக்காமல் ஐஸும் தண்ணீருமாக அவன் உடம்பைக் குளிரவைத்ததால்தான் எனக்கு மகன் இருக்கிறான்.

கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் முடிச்சுட்டாங்களா?"

அவன் முழுக்கத் தேறிவிட்டான், இனி எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தேறாதவள் நான். இன்றும் உணவு அங்காடியில் யாராவது ஐஸை அள்ளிக் கொட்டினால் அந்தச் சத்தத்துக்கு என் கை சில்லிட்டுப்போகும்.

அவனுக்கோ அந்த இரண்டு கிலோமீட்டர்தான் உறுத்தல். வாய் திறந்து சொன்னதில்லை. பெருவழி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து, பதினாறாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறியே வரத் தொடங்கினான். நான் மின்தூக்கியில் ஏறி, நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது மாடிகளில் இறங்கி, படிக்கட்டுக் கதவைத் திறந்து, மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன்.

"மா, நீ என்ன, செக்பாயிண்டா?" என்று கேட்டுவிட்டு ஏறிப்போனான்.

மோப்பம்

நான் ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதித் தரும் எம்.சி. எங்கள் மேசைக்குத்தான் வரும். திங்கட்கிழமை வயிற்றுவலிகளையும், தீபாவளிக்கு மறுநாள் முதுகுவலிகளையும் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பேன். எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்து, "உண்மையைச் சொன்னா நல்லது" என்று சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நல்ல எம்.சி. எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதா?

அகிலன் பெயரில் வாங்க முடியாது. அவன் என்னை மன்னிக்கமாட்டான். அதனால் பலிகடாவாகக் கிடைத்தது கணவரின் முழங்கால். தினமும் காலையில் ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் மனிதர் அவர்.

"எனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு?"

"வலிக்குதுன்னு ஒரு நாள் சொன்னீங்களே."

"அது நம்ம கல்யாணத்தன்னிக்கு. மணவறைல ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்ததுல."

"பழைய வலி. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

சொன்னார். மருத்துவர் பாவம், நல்ல மனிதர். முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். நோயாளி வலிக்கிறது என்கிறாரே என்று, வலது முழங்காலுக்கு மலைப்பாதையில் நீண்ட நடை வேண்டாம் என ஒரு வரி சேர்த்து எழுதிக்கொடுத்தார். நான் மருந்துக்கடையில் ஒரு முழங்கால் உறை வாங்கினேன்.

"மாலை போட்டுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியே" என்றார் கணவர்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா நொண்டுங்க."

அன்றிலிருந்து ஏரிக்கரை நடை நின்றது. யாராவது பார்த்துவிட்டால்? வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து வரவேற்பறைக்குமாக வீட்டுக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் நடந்து தீர்த்தார்.

ஒன்றாக முடி கட்டியவர்கள்

மாடி அறைக்குத் திரும்புவோம். மருத்துவர் எழுதியது ஆங்கிலத்தில் இருந்தது. முருகேசன் அதை வாங்கி, மரியாதையோடு பார்த்துவிட்டு, அகிலனிடம் கொடுத்தார். "சாமி, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் மகன், தன்னுடைய பெருவழியை அடைக்கும் அந்த வரியை, தன் வாயாலேயே தமிழில் மாற்றிச் சொன்னான். படித்து முடித்ததும் தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தான்.



"ஒண்ணு செய்யலாம்க்கா" என்றார் முருகேசன் என்னைப் பார்த்து. அப்போது நான் அவருக்கு அக்கா. "சாமி நேரா பம்பைக்கு வந்துடட்டும். நாங்க காட்டு வழியா வந்து அங்க சேந்துக்கறோம்."

இதற்குத் தயாராகவே வந்திருந்தேன். "ஒண்ணா இருமுடி கட்டினவங்க ஒண்ணாத்தான் மலையேறணும்னு நீங்கதானே சொல்வீங்க, குருசாமி? இவர் தனியா ரெண்டு நாள் காத்துக்கிட்டிருந்து, ஏதாவது ஆயிட்டா?"

அவருடைய விதியை எடுத்து அவர் மீதே வீசினேன். அலுவலகத்தில் இதற்குப் பயிற்சி வகுப்பே உண்டு.

முருகேசன் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் மேசையைப் பார்த்தார்கள். எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர் நாளைக் காலை பட்டறையில் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்போகும் 'சார்'. யார் என்ன சொல்ல முடியும்?

"சரிக்கா. சிறுவழியே போவோம். அவன் இப்படித்தான் வச்சிருக்கான் போல."

'அவன்' என்று மேலே கை காட்டினார். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

செல்வம் என்ற இளைஞர்தான் குழுவில் கடைக்குட்டி. "பரவால்ல சாமி, காடு எங்க போயிடப் போவுது?" என்று கணவரின் தோளைத் தட்டினார். கணவர் தலை குனிந்துகொண்டார். வலியால் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

கட்டிலும் பாயும்

வழியைச் சுருக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். தங்குமிடம் பாக்கி இருந்ததே.

"விரி போட்டுப் படுத்துக்குவோம்க்கா" என்றார் முருகேசன். தரையில் பாயை விரித்து, பக்கத்தில் இருப்பவர் யார் எவர் என்று தெரியாமல் வரிசையாகப் படுப்பதுதான் விரி. எனக்குத் தலை சுற்றியது. அடுத்த நாளே இணையத்தில் இறங்கினேன். கணவருக்கும் மகனுக்குமாக ஓர் அறை. இரண்டு கட்டில். உட்காரும் கழிப்பறை. முழங்கால் நோயாளிக்கு அது இல்லாமல் எப்படி?

"வெந்நீர் வருமா குருசாமி, அங்க?"

"பம்பைல குளிக்கணும்க்கா. அது எப்படி வருதோ அப்படித்தான்."

பெட்டியில் கைகழுவும் திரவம், கொசு மருந்து, உப்புக்கரைசல் பொட்டலம் இருபது, இரண்டு தலையணை உறை, உடல்வெப்பம் பார்க்கும் கருவி இரண்டு. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று. எட்டுப் பேரும் ஆளுக்கொரு துணிப்பையோடு விமான நிலையத்துக்கு வந்தார்கள். அந்தப் பைகளுக்கு நடுவில் எங்கள் சக்கரப்பெட்டி கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நின்றது.

பிறகு தெரிந்தது: அகிலன் அந்த அறைக்குள் போகவே இல்லை. எட்டுப் பேரோடு விரியில் படுத்தான். ஒரு கட்டிலில் என் கணவரும், இன்னொரு கட்டிலில் அவருடைய முழங்கால் உறையும் படுத்திருந்தார்கள்.

ரயிலில் நான், டோலியில் அவர்

மலையேறும் நாள் காலை. நான் அலுவலகத்துக்கு எம்ஆர்டியில் போய்க்கொண்டிருந்தேன். நிற்கத்தான் இடம். கைபேசியில் செல்வத்தின் காணொளி அழைப்பு.

"அக்கா, இங்க பாருங்க! சாமிக்கு டோலி புடிச்சுட்டோம்!"

திரையில் என் கணவர். பிரம்பு நாற்காலியில், மூங்கில் கழிகளுக்கு நடுவே, நான்கு பேர் தோளில். ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் மனிதர், பல்லக்கில் ஏற்றிய மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னாராம். நொண்டிக்கொண்டே மாட்டேன் என்றால் யார் கேட்பார்கள்? எட்டுப் பேரும் கெஞ்சி ஏற்றிவிட்டார்கள்.

தூக்கியவர்களில் முன்னால் போனவருக்கு என் கணவரைவிட வயது அதிகம். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. கணவர் கேமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அகிலன் பக்கத்தில் வெறுங்காலில், தலையில் இருமுடியோடு ஏறிக்கொண்டிருந்தான். அவனும் என்னைப் பார்க்கவில்லை.

"அகிலன் தண்ணி குடிச்சானா?" என்று கேட்டேன். அந்த நிலையிலும் கேட்டேன்.

அப்போது யாரோ கத்தினார்கள். திரை சாய்ந்தது. வானம், ஒரு மரம், கறுப்பு வேட்டி, கல். "ஐயோ, புடி, புடி!" அதோடு அழைப்பு அறுந்துபோனது.

நான் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. கணவரை அழைத்தேன். அகிலனை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. எந்த நிலையம் என்று பார்க்காமல் இறங்கி, நடைமேடையில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். ஒரு சீன மாது குனிந்து, "யூ ஓகே ஆ?" என்று கேட்டுவிட்டு, டிஷ்யூ பொட்டலத்தை என் மடியில் வைத்துப்போனார். எத்தனை ரயில் வந்தது, எத்தனை போனது, தெரியாது. நாற்பது நிமிடம் என்று பிறகு கைபேசி சொன்னது. வழுக்குகிற, செங்குத்தான அந்தச் சிறுவழியை நான்தான் பொறுக்கி எடுத்துக்கொடுத்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

பிறகு செல்வத்தின் குரல்பதிவு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"அக்கா! அதிசயம் நடந்துடுச்சுக்கா! சாமியோட காலு சரியாயிடுச்சு! டோலிலேர்ந்து குதிச்சாரு பாருங்க, புலி கணக்கா! இங்க எல்லாரும் காலத் தொட்டுக் கும்பிடறாங்கக்கா! சாமியே சரணம் ஐயப்பா!"

நடந்தது இது. முன்னால் தூக்கியவர் ஈரக்கல்லில் சறுக்கியிருக்கிறார். நாற்காலி சாய்ந்ததும் என் கணவர் இரண்டு காலையும் ஊன்றிக் குதித்து, கீழே விழவிருந்த மனிதரை ஒரு கையால் பிடித்து, மறு கையால் கழியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். அப்படியே மற்ற மூவரோடு சேர்ந்து வெறும் டோலியை அடுத்த நிழற்பந்தல் வரை சுமந்துகொண்டு ஏறினார். அந்தப் பயணத்தில் அவர் செய்த முதல் யோக்கியமான காரியம். அதைத்தான் அற்புதம் என்றார்கள்.

கூட்டம் கூடிவிட்டது. யார் யாரோ அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் அந்த உறையைப் பிரசாதமாகக் கேட்டாராம்.

அன்று மதியம் அகிலனிடமிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"எந்தக் கால், மா?"

இலை முன்னால்

திரும்பி வந்தபிறகு இரண்டு நாள் அகிலன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் அதே ஹோட்டலுக்குச் சாப்பிட வராங்க. நீ உண்மையச் சொல்லிடு."

"நீயே சொல்லிடேன்பா."

"நான் நொண்டலையே."

கணவரைப் பார்த்தேன். "நான் ஒண்ணுமே சொல்லக் கூடாதுன்னுதானே நீ சொன்ன" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

அதே மாடி அறை. வாழையிலை போட்டு, பாயசம் வரை வந்துவிட்டது. எழுந்து நின்றேன். இருபது ஆண்டுகளாக மற்றவர்களைச் சொல்லவைத்த வாய்க்கு, சொல்ல வரவில்லை. எப்படியோ சொன்னேன். முழங்காலில் ஒன்றுமில்லை, மகனுக்காகப் பயந்து நான்தான் செய்தேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று. சுருக்கமாகத்தான் சொன்னேன். ஆனாலும் பாயசத்தில் ஏடு படிந்துவிட்டது.

முதலில் எழுந்தது செல்வம். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, எங்கம்மாவுக்கு மூட்டுவலி. நான் இதைச் சொன்னதும் மாத்திரைய நிறுத்திட்டாங்க. ஐயப்பன் பாத்துக்குவாருன்னு."

கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். கதவு திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, மாத்திரையப் போடும்மா. இல்லம்மா, சாமிக்கு ஒண்ணும் இல்ல. சாமி நல்லாத்தான் இருக்காரு. அது வேற. நீ மொதல்ல மாத்திரையப் போடு."

முருகேசன் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நிதானமாக முடித்தார். இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து என் எதிரே நின்றார்.

"பெருவழியா வரேன்னு நேந்துக்கிட்டது என் மகளுக்காக மேடம். ஆபரேஷன் முடிஞ்சு அவ எந்திரிச்சு நடந்த அன்னிக்கு நேந்துக்கிட்டது. மூணு வருஷமா பாக்கி."

அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

"தம்பிக்காகப் பயந்தீங்க. சரி. அத எங்ககிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? ஒரு கன்னிசாமிக்காக மெதுவா நடக்கத் தெரியாதா எங்களுக்கு? நாங்களும் புள்ள பெத்தவங்கதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையில் எங்கே பிசகு என்று ஒருவர் விளக்குவது போல் சொன்னார். அவர்களைப் பற்றி எனக்கு அந்த எண்ணமே வரவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு அவர்கள் என் மகனைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் எட்டுப் பேர். அவ்வளவுதான். அவர்களிடம் போய் 'என் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்கலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. போலி எம்.சி. தோன்றியது.

இந்த வாரம்

கணவர் தன் மேலதிகாரியிடம் போய் உள்ளதைச் சொல்லி, இந்த ஆண்டுப் பருவத்தில் எட்டுப் பேருக்கும் ஒன்றாக விடுப்பு கேட்டார். எட்டுப் பேர் இல்லாத பட்டறையை நீயே இருந்து சமாளி என்ற நிபந்தனையோடு கிடைத்தது. அதனால் அவர் இங்கே. அகிலன் அவர்களோடு போயிருக்கிறான். இந்த முறை அவன் பையை நான் தொடவில்லை. தங்குமிடம் எது என்றும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நான் பட்ட பாட்டுக்குத் தனியாக ஒரு விரதப் பலன் உண்டு என்று நம்புகிறேன்.

இன்று காலை முருகேசன் அழைத்தார். பின்னணியில் தகரக் கூரையில் மழைச் சத்தம்.

"மேடம், அழுதைக்குக் கொஞ்சம் முன்னால ஒரு கடைல நிக்கிறோம். தூறல் விழுது. பாதை தொறந்துதான் இருக்கு. ஆனா வழுக்கும். இங்கேர்ந்து பம்பைக்கு வண்டி இருக்கு. அகிலன் சாமிய அதுல ஏத்தி விடணும்னா இப்பவே சொல்லிடுங்க. உள்ள போயிட்டா ஃபோன் எடுக்காது."

"அவன் என்ன சொல்றான்?"

"கேட்டேன். எங்கம்மாகிட்ட கேளுங்கன்னாரு."

என் எதிரே மேசையில் ஆறிப்போன காப்பி. கணவர் வாசலில் ஒரு காலில் காலணியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். எனக்கு எத்தனையோ காரணங்கள் தயாராக வந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரணம். எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடுவார்.

"எனக்குப் பயமா இருக்கு, முருகேசன்" என்றேன்.



"இருக்கட்டும் மேடம். பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். வழியச் சொல்லுங்க."

"பெருவழி."

"மெதுவாத்தான் நடப்போம்" என்றார். யாரோ சரணம் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதில் அகிலனின் குரல் எது என்று பிரித்துக் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அதன்பிறகு ஒன்பது மணி நேரம் ஆகிறது. இந்த அத்தியாயத்தை ஆசிரியர் இன்று மாலைக்குள் கேட்டிருக்கிறார். அவர்கள் காட்டைவிட்டு வெளியே வர இன்னும் ஒரு நாளுக்கு மேலாகும். எப்படி முடிந்தது என்று தெரியாமலேயே அனுப்புகிறேன்.